கேளுங்கள், சொல்கிறோம்: பழைய காரில் புது ஸ்டீரியோ

கேள்வி: பழைய காரில் புது ஸ்டீரியோ மாட்டினேன். சாவியை அணைத்தால் சேமித்த ஸ்டேஷன்கள் அழிகின்றன. சத்தத்தைக் கூட்டினால் செட்டே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: ஸ்டேஷன்கள் அழிய, செட்டின் மஞ்சள் ஒயருக்கு நிரந்தர மின்சாரம் வராததே காரணம். கார் ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பாடியின் வெற்று இரும்பில் தொட்டு அளந்து பாருங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டும் ஒயரில் மஞ்சளையும், சாவி திருப்பினால் மட்டும் காட்டுவதில் சிவப்பையும் இணையுங்கள். இரண்டையும் நிரந்தர ஒயரில் சேர்த்தால் பேட்டரி இறங்கிவிடலாம்.

செட் நிற்பதுதான் கவலைக்குரியது. பழைய கார்கள் பலவற்றில் ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் ஒயர்கள் பாடியோடு சேர்ந்திருக்கும். புது செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலுமே சுமார் 6 வோல்ட் இருக்கும். ஒன்று பாடியைத் தொட்டாலும் செட் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். தொடர்ந்தால் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐசி (சிப்) கருகும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, செட்டின் இணைப்பையும் பிரித்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். தொடர்பு காட்டினால் பழைய ஒயரை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு 18 கேஜ் ஒயர் இழுங்கள். ஸ்பீக்கர் 4 ஓமுக்குக் குறையாததாக இருக்கட்டும். செட்டின் கறுப்பு (எர்த்) ஒயரை, பாடியில் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.