கேட்டின் அடிச்சட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் துரு

வணக்கம். கடலோரத்தில் உள்ள உங்கள் வீட்டு இரும்புக் கேட்டிற்குச் சென்ற ஆண்டுதான் பெயிண்ட் அடித்ததாகவும், அதற்குள் அடிச்சட்டத்தில் மட்டும் அது கொப்புளித்து உதிர்வதாகவும் எழுதியிருந்தீர்கள். சட்டம் சதுரக் குழாயாக இருந்தால், துரு பெரும்பாலும் உள்ளிருந்தே வருகிறது. மூட்டுகளின் வழியே இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி அடியில் தேங்கி, வெளியே எத்தனை முறை பூசினாலும் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். திருப்புளியின் முனையால் அடிப்பக்கத்தை அங்கங்கே தட்டிப் பாருங்கள்: கணீரென்று ஒலித்தால் இரும்பு உறுதியாக இருக்கிறது, முனை உள்ளே இறங்கினால், அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிய குழாயைப் பற்றவைக்க வேண்டும், தயவுசெய்து பட்டி வைத்து மறைத்துவிடாதீர்கள்.

உறுதியாக இருந்தால், அடியில் இரண்டு மூன்று இடங்களில் 6 மி.மீ. துளையிட்டு நீரை வடியவிடுங்கள். பிறகு பழைய பெயிண்டையும் துருவையும் இரும்பு தெரியும்வரை கம்பித் தூரிகையால் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்; உப்பு தங்கிய இரும்பில் எந்தப் பூச்சும் நிலைக்காது. நன்கு காய்ந்ததும், அன்றைக்கே, துளைகளின் விளிம்பிலும் படும்படி, ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்சி பிரைமரை, அதாவது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சைப் பூசுங்கள். எபாக்சி வெயிலில் வெளுத்துப் பொடியும் என்பதால், அதன்மேல் பாலியூரித்தேன் பெயிண்டை இரண்டு முறை அடிப்பது அவசியம்.