மடியை விட்டு இறங்காத சிட்சூ

கேள்வி: காப்பகத்திலிருந்து ஐந்து வயது சிட்சூ நாயைத் தத்தெடுக்கிறோம். கொண்டோ (அடுக்குமாடி) வீடு. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதல் வேலை, கொண்டோ நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி. 'பரவாயில்லைங்க' என்று காவலாளி சொன்னதெல்லாம் கணக்கில் வராது. மாநகர் மன்ற உரிமமும் வேண்டும்.

காப்பகத்தில் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் கொசுவால் பரவும் இதயப்புழுவும்தான் பெரிய தொல்லை. இதயப்புழு தொற்றி ஏறக்குறைய ஆறு மாதம் ஆன பிறகே சோதனையில் தெரியும். அதனால் இப்போது 'இல்லை' என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மாதாந்திரத் தடுப்பு மருந்தை விட்டுவிடக் கூடாது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது, வெளிறியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பழைய தீவனத்தோடு புதியதைக் கால் பங்கு கலந்து தொடங்கி, ஏழு நாளில் முழுதாக மாற்றுங்கள், அவசரப்பட்டால் வயிற்றுப்போக்குதான்.

தட்டை மூக்கு வெயில் தாங்காது. காலை எட்டுக்குள் நடை, கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை.

மடியை விட்டு இறங்காத நாய் தனியே விட்டால் குரைக்கும். ஐந்து நிமிடம், பத்து, அரை மணி என்று முதல் வாரமே பழக்குங்கள். விடுப்பு எடுத்துக் கூடவே இருந்துவிட்டுத் திடீரென வேலைக்குப் போனால், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.