கிளிப் போட்ட பிறகும் அம்மாவுக்குப் பேச்சுக் குழறுவது

அம்மாவின் மூளையில் வெடித்த இரத்தக்குழாய் வீக்கத்தை அடைக்கப் போட்ட கிளிப் கழன்றுவிட்டதோ என்று கேட்டீங்கள்; இப்பவே அப்படி முடிவு கட்டாதீங்கோ. ஒப்பரேசன் முடிந்து ஏழாம் நாள் பேச்சுக் குழறி வலக்கை சோருதென்றால், முதலில் சந்தேகிப்பது மூளை இரத்தக்குழாய்ச் சுருக்கம். வெடிப்பில் கசிந்த இரத்தம் குழாய்களை உறுத்தும். பெரும்பாலும் இரத்தம் கசிந்து 4 முதல் 14 நாளுக்குள் இந்தச் சுருக்கம் வரும்.

இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, வலது தாழுதா என்று பாருங்கோ. தொடங்கின நேரத்தோட உடனே வாட்டுக்குச் சொல்லுங்கோ, மாலை பார்வையாளர் நேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இரவிலும் மிஸ்ஸி எழுப்பிக் குடுக்கிற நிமோடிபின் (இந்தச் சுருக்கத்தால் மூளை பாதிக்கப்படாமல் காக்கிற மருந்து) தேவையானதுதான்: வழமையாக 60 மில்லிகிராம், நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 21 நாள். பிரஷர் விழுந்தால் வைத்தியர் அளவை மாற்றுவார்.

சோடியம் குறைந்தாலும், மூளையில் நீர் தேங்கினாலும் இப்படியே இருக்கும். இரத்தப் பரிசோதனையும் சீடி ஸ்கேனும்தான் பிரித்துக் காட்டும். உப்புக் குறைவென்று தண்ணியை நீங்களாகக் குறைக்காதீங்கோ, இந்த நோயில் அது ஆபத்து.