குடை பிடித்துக்கொண்டு ஏன் பேசுகிறாள்?

கேள்வி: எனக்கு வயது 33. சென்னையில் வேலை பார்க்கிறேன். எங்கள் பூர்வீகம் பாளையங்கோட்டை. அப்பா 1986ல் வேலை கிடைத்து இங்கே வந்தவர். ஆபீஸில் சென்னைத் தமிழ், வீட்டுக்கு வந்தால் அச்சு அசல் நெல்லைத் தமிழ் என்று இருப்பார். என் மனைவிக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு வீட்டிலும் நன்றாக விசாரித்து, பத்துக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம். இரண்டு வருடம் ஆகிறது. அவள் யாரோடும் ஒட்டவில்லை. அப்பா ஆசையாக ‘ஏட்டி’ என்று கூப்பிட்டதற்கு இரண்டு நாள் அழுதாள். எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதியைத் தொடுவதில்லை. ஒரு நாள் அவள் ஊர் அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். “காய்ச்சக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கே” என்று அம்மா சொன்னதோடு சரி, பிறகு செய்யவே இல்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் ஜாலியாகப் பழகுகிறவர்கள். வந்த புதிதில் அவள் ‘ஏனுங்க’, ‘இல்லீங்க’ என்று பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை வருகிற அக்கா பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக்காட்டிச் சிரிக்கும். இப்போது அதெல்லாம் போய் நன்றாகப் பேசப் பழகிவிட்டாள். ஆனால் பேசுவதே குறைந்துவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய் அவள் அம்மாவோடு ஒரு மணி நேரம் போனில் பேசுகிறாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பேசுகிறாள். எங்களைப் பற்றி என்னதான் சொல்கிறாளோ தெரியவில்லை. கலாச்சாரமே வேறான குடும்பத்தில் பெண் எடுத்தது தவறா? தனிக்குடித்தனம் போகலாமா? கவுன்சலிங் உதவுமா?
– பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பொருத்தத்துக்கு ஒரு பத்தி, சொதிக்கு அரைப் பக்கம், மாமனார் வீட்டுச் சீருக்கு ஒரு பத்தி. குடைக்கு ஒரே ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

உங்கள் வீட்டில் மூன்று படுக்கையறை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறைக்குக் கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கும், ஏசிகூட இருக்கலாம். அதை விட்டுவிட்டு ஒரு பெண் மழையில் மாடிப்படி ஏறிப் போய், ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக நின்று அம்மாவோடு பேசுகிறாள். இதைப் பார்த்த உங்களுக்குத் தோன்றியதெல்லாம் ‘எங்களைப் பற்றி என்ன சொல்கிறாளோ’ என்பதுதான். அவள் என்ன பேசுகிறாள் என்பது இருக்கட்டும். எந்தத் தமிழில் பேசுகிறாள்? அந்த யோசனை உங்களுக்கு வந்ததா?

எனக்கு விடை தெரியும். ஏனுங்க, இல்லீங்க என்றுதான் பேசுவாள். ‘அதெல்லாம் போய்விட்டது’ என்று சந்தோஷமாக எழுதினீர்களே, அது எங்கேயும் போகவில்லை. மாடியில் இருக்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் ஹாலில் ஒரு ‘ங்க’ கேட்டுவிடும், அதற்கு ஒரு சிரிப்பு வரும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு விளையாட்டுக் கிடைக்கும். அதற்கு மழையே பரவாயில்லை என்று போயிருக்கிறாள்.

“ஜாலியாகத்தான்” என்பீர்கள். இந்த ஜாலியை இத்தனை வருடத்தில் எத்தனையோ கடிதத்தில் படித்துவிட்டேன். கிண்டல் பண்ணுகிறவர்கள் ஐந்தாறு பேர், கிண்டலுக்கு ஆளாகிறவள் ஒருத்தி, அவள் ஓடிப்போய் நிற்பதற்குச் சொந்தக்காரர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. இதில் ஜாலி யாருக்கு? சினிமாவும் நமக்கு இதைப் பழக்கிவிட்டது. திருநெல்வேலித் தமிழை அரிவாளோடு சேர்த்துக் காட்டும், கோயம்புத்தூர்த் தமிழைச் சிரிப்புக்கு வைத்துக்கொள்ளும். அந்தக் கொங்குத் தமிழுக்கு எழுத்தாளர் பெருமாள்முருகன் அகராதியே தொகுத்திருக்கிறார். அவ்வளவு ஏன், தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நான்காகப் பிரித்தபோது திசைச்சொல்லுக்கும், அதாவது வட்டாரத்துச் சொல்லுக்கும், அதில் ஓர் இடம் கொடுத்தார். செய்யுளுக்கு ஆகிற சொல் உங்கள் வீட்டு அடுப்படிக்கு ஆகாமல் போயிற்று!

இன்னொரு விஷயம். உங்கள் முழுக் கடிதத்தில் ‘கலாச்சாரம்’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. பேனாவால் சுழித்து எண்ணினேன். ஏழும் உங்கள் மனைவியை ஒட்டியே வருகின்றன. அவள் கலாச்சாரம் வேறு, அவர்கள் வீட்டுக் கலாச்சாரத்தில் இப்படி, அந்தப் பக்கத்துக் கலாச்சாரமே அப்படித்தான். உங்கள் வீட்டைச் சொல்லும்போது மட்டும் ‘எங்கள் வீட்டு முறை’ என்று எழுதுகிறீர்கள். நீங்கள் சாப்பிடுவது சாப்பாடு, அவள் சாப்பிடுவது கலாச்சாரம். அப்படித்தானே?

சரி, ‘ஏட்டி’க்கு வருகிறேன். இதில் உங்கள் அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுப் பிள்ளையைத்தான் ‘ஏட்டி’ என்பார்கள், அந்நியப் பெண்ணை அப்படிக் கூப்பிட மாட்டார்கள். மருமகளை அப்படிக் கூப்பிட்டபோது, தன் மகளுக்குச் சமமாக இவளை உட்கார வைத்துவிட்டதாக அந்த மனிதர் நினைத்திருப்பார். அவள் வளர்ந்த இடம் வேறு மாதிரி. கொங்குப் பக்கத்தில் ஐந்து வயதுக் குழந்தையைக்கூட “சாப்பிட வாங்க சாமி” என்று கூப்பிடுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளைக்கே ‘ங்க’ போடுகிற இடத்திலிருந்து வந்தவள் காதில் ‘ஏட்டி’ அறை மாதிரிதான் விழும். உங்கள் அப்பா கொடுத்தது பாசம், அவள் வாங்கிக்கொண்டது அவமானம். நடுவில் இருந்த துபாஷி நீங்கள் ஒருவர்தான். அவளிடம் போய் “எங்க ஊரில் இது மகளைக் கூப்பிடுகிற வார்த்தை” என்று சொன்னீர்களா? அப்பாவிடம் போய் “அவ ஊரில் இப்படிக் கூப்பிட்டா அடிச்ச மாதிரிப்பா” என்று சொன்னீர்களா? இரண்டு நாள் அழுதாள் என்று எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளும் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

பத்துப் பொருத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை. இதில் எதற்குள் பேச்சு வருகிறது, எதற்குள் சாப்பாடு வருகிறது? கட்டத்தில் இல்லாததைக் கட்டிக்கொண்டவன்தான் பார்க்க வேண்டும். ஒன்பது வந்துவிட்டது, மீதி தானாக நடக்கும் என்று இரண்டு வருடம் இருந்துவிட்டீர்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆபீஸில் சென்னைத் தமிழ், வீட்டில் நெல்லைத் தமிழ். ஏன் அப்படி என்று அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? 1986ல் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய இளைஞன் ‘சொல்லுதேன்’ என்றும் ‘வந்தாவ’ என்றும் பேசியபோது இந்த ஊர் சிரிக்காமல் விட்டிருக்காது. அவர் ஆபீஸுக்கு ஒரு நாக்கு, வீட்டுக்கு ஒரு நாக்கு என்று வைத்துக்கொண்டார். 35 வருடத்துக்கு மேலாக அப்படி இருக்க முடிந்ததென்றால், சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது நாக்கையும் அவிழ்த்துவிட ஒரு வீடு இருந்தது. உங்கள் அம்மா அந்த வீட்டை அவருக்கு வைத்திருந்தார். உங்கள் மனைவியும் ஊர் விட்டு ஊர் வந்தவள்தான். அவளுக்கு ஆபீஸும் நீங்களே, வீடும் நீங்களே என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது மொட்டை மாடி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் மதுரைக்காரி, வாழ்க்கைப்பட்டது நாகர்கோவிலுக்கு. போன முதல் நாள் மாமியார் என்னிடம் “வெள்ளம் வேணுமா?” என்றார். எனக்கு ஆற்றில் வருகிற வெள்ளம்தான் தெரியும், திருதிருவென்று விழித்தேன். மரவள்ளியை மரச்சீனி என்றார்கள், பலாப்பழத்தைச் சக்கை என்றார்கள், மிளகு அங்கே நல்லமிளகு. நான் ஒவ்வொன்றாகத் தப்புச் சொல்வேன், நாத்தனார்கள் சிரிப்பார்கள். மாமியார் ஒன்றும் தங்கமான மனுஷி இல்லை. நகை விஷயத்தில் என்னோடு போட்ட சண்டையை எழுத இந்தப் பத்திரிகை பத்தாது. ஆனால் ஒரு மாதம் கழித்து எனக்கு மட்டும் “தண்ணி வேணுமா?” என்று கேட்க ஆரம்பித்தார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் வெள்ளம்தான். எனக்கு மட்டும் தண்ணி. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் “தண்ணி எடுத்துட்டு வா” என்றுதான் என்னைக் கேட்டார். அதனால்தானோ என்னவோ, அந்த நகைச் சண்டையை நினைத்தால் இப்போது கோபம் வருவதில்லை.

தனிக்குடித்தனமா என்று கேட்டீர்கள். நான் பழைய காலத்து ஆள். அறுபது தாண்டிய அப்பா அம்மாவை, அதுவும் ஒரே மகன், விட்டுவிட்டுப் போக நான் சம்மதம் சொல்ல மாட்டேன். அடிதடி, குடி, வரதட்சணை என்று இருந்தால் இன்றைக்கே கிளம்பு என்பேன். உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. தனியாகப் போனால் சிரிப்பதற்கு ஆள் குறையும், அவ்வளவுதான். உங்கள் பாராமுகம் கூடவே வண்டியேறி வரும். கவுன்சலிங் போவதானால் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அக்காவிடம் இலவசமாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தை மணிக்கு இத்தனை என்று பணம் கட்டி ஓர் அந்நியரிடம் சொல்லப் போகிறீர்கள்.

அந்த வாக்கியத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் மனைவி சொன்னால் ‘நேற்று வந்தவளுக்கு வாயைப் பார்’ என்று ஆகிவிடும். சொந்தத் தம்பி, “அக்கா, பிள்ளைகள் அவளைப் போல் பேசிக்காட்டுவது இனிமேல் வேண்டாம்” என்று சொன்னால் அக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்குவாள். தூக்கட்டும். இந்த இரண்டு வருடம் முகம் வாடிக் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்தானே நீங்கள், ஒரு வாரம் அதையும் பாருங்கள். அம்மாவிடமும் பேச வேண்டும், வேறு விதமாக. அரிசிம்பருப்பு சாதத்தை நீங்களே கேளுங்கள். அவளைச் செய்யச் சொல்லிக் கேட்பது அல்ல, அவள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு நீங்களே ஒரு நாள் செய்து அம்மா தட்டில் போடுங்கள். மகன் கையால் செய்த சாதத்தைக் காய்ச்சக்காரன் சாப்பாடு என்று எந்த அம்மா சொல்கிறாள் பார்ப்போம். தயவுசெய்து மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து “நீ உன் இஷ்டப்படி பேசலாம்” என்று அனுமதி மட்டும் கொடுக்காதீர்கள். அதைவிட மோசமான காரியம் இல்லை. திடீரென்று நீங்களும் ‘ஏனுங்க’ போட்டுப் பேசிக் காட்டாதீர்கள். அதுவும் அவளுக்குக் கிண்டலாகத்தான் கேட்கும்.

கடிதத்தின் கடைசியில், போன வருடம் அவள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு லீவு இல்லை என்று நீங்கள் போகவில்லை, அவளும் ஒரே நாளில் திரும்பிவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். நோம்பி என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதியதையும் கவனித்தேன். இந்த வருடம் போங்கள். பூச்சாட்டிக் கம்பம் நட்டதிலிருந்து எல்லா நாளும் இருக்க முடியாது, தெரியும், ஒரு நாலு நாளாவது இருங்கள். உங்கள் ‘சொல்லுதேன்’ அங்கே கொஞ்சம் சிரிப்பைக் கிளப்பும். மச்சினன் பிள்ளைகள் சொல்லிக்காட்டும். “ஜாலியாகத்தானுங்க மாப்ள” என்பார்கள். மூன்றாவது நாள் சாயங்காலம் நீங்கள் போனை எடுத்துக்கொண்டு தனியாகத் தோட்டத்துப் பக்கம் நடந்து போய் அம்மாவைக் கூப்பிடுகிறீர்களா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.

உங்கள் மனைவிக்கும் சொல்ல என்னிடம் நாலு வார்த்தை இருக்கிறது. இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் சரியில்லை. ஆனால் கடிதம் எழுதியவர் நீங்கள். அவள் எழுதினால் அவளுக்குத் தனியாகக் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா பிள்ளைகளோடு வருவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வியாழனோ வெள்ளியோ இருக்கும். சனிக்கிழமைக்குள் அக்காவுக்குப் போன் செய்துவிடுங்கள். ஹாலில் நின்று செய்யுங்கள், உங்கள் மனைவி காதில் விழட்டும்.