டிஷ் பார்க்கும் திசையும் மேகப் படமும்: கேள்வி பதில்

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் வானிலை, செயற்கைக்கோள் ஆய்வுக்கூடத்தைக் காண வரும் தமிழ்க் குழுக்களுக்கு விளக்கம் சொல்பவன் நான். சென்ற முறை வந்தவர்கள் கேட்டு, அன்று நேரமின்மையால் விடுபட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பிறையிலிருந்து ஓர் ஆசிரியை: உங்கள் ஆய்வுக்கூட மொட்டைமாடியிலுள்ள டிஷ், ஹிமாவாரி வானிலைச் செயற்கைக்கோளை நோக்கியிருப்பதாக மாணவர்களிடம் சொல்லிவிட்டேன். சரிதானே, ஐயா?

பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள், ஆனால் சரியன்று. ஜப்பானின் ஹிமாவாரி-9, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 140.7 பாகையில் இருந்தபடி 10 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைப் படமெடுக்கிறது. எனினும், அப்படங்களைப் பயனர்களுக்கு நேரடியாக ஒலிபரப்பும் வசதி அதில் இல்லை. அவை முதலில் ஜப்பானில் இறங்கிச் சீராக்கப்பட்டு, 154 பாகையிலுள்ள ஜேசிசாட்-2பி என்னும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் வழியாக நம்மை வந்தடைகின்றன. நம் டிஷ் பார்ப்பது அதைத்தான். பினாங்கிலிருந்து அது கீழ்வானில் 30 பாகைக்கும் குறைவான உயரத்தில் இருப்பதால், டிஷ் தலைகவிழ்ந்து நிற்பதுபோல் தோன்றும். யாரும் இடித்துவிடவில்லை!

ஆயிர் ஈத்தாம் வாசகர்: திரையில் தீவு முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது, வீட்டுக்குப் போனால் தரை காய்ந்து கிடந்தது. படம் பொய் சொல்லுமா?

படம் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதனிடம் மழையைக் கேட்கிறோம். நீங்கள் பார்த்தது அகச்சிவப்புப் படம். மேக உச்சியின் குளிர்ச்சியையே அது காட்டுகிறது. இடிமேகம் ஓய்ந்த பின்னும் அதன் மேல்விளிம்பு மெல்லிய பனித்துகள் படலமாகப் பரந்து, நெடுநேரம் வெள்ளையாகவே தெரியும். அதிலிருந்து தரைக்கு ஒன்றும் விழாது. மாறாக, கொடிமலையில் தூறிக்கொண்டிருக்கும் தாழ்மேகம் வெப்பமாக இருப்பதால் அதே படத்தில் மங்கிய சாம்பல் நிறமாக ஒதுங்கிவிடும்.

ஆகவேதான் குழுவினரை மழைமானியின் அருகே சற்று அதிகநேரம் நிறுத்திவைக்கிறேன். புனலுக்குக் கீழே, குழந்தைகளின் ஏற்றப்பலகை போல இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் சேர்ந்ததும் அது ‘டக்’ எனக் கவிழ்ந்து, மற்றது மேலே வரும்; அந்த ஒவ்வொரு ‘டக்’கும் கணினியில் பதிவாகும். ஒரு முறை பெருமழையிலும் எண் நகரவே இல்லை. திறந்து பார்த்தால் புனல் துளையை ஓர் உலர்ந்த இலை அடைத்திருந்தது. கருவியையும் கண்மூடி நம்பக்கூடாது என்பதற்காக, அந்த இலைக் கதையை எல்லாக் குழுவுக்கும் சொல்கிறேன்.

படிவம் ஐந்து மாணவி: வானிலை பலூன் விடுவதை அங்கே காண முடியுமா?

எங்கள் கூடத்தில் பலூன் விடுவதில்லை. உலகெங்கும் ஒரே நேரத்தில், அதாவது நம் கணக்கில் காலை 8 மணியையும் இரவு 8 மணியையும் ஒட்டி, அவை பறக்கவிடப்படுகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் ஏறி, 30 கிலோமீட்டர் உயரம்வரை சென்று வெடிக்கும்.

பட்டர்வொர்த் வாசகர்: வீட்டிலேயே செயற்கைக்கோள் படம் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். பழைய கட்டுரைகள் சொல்லும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான நோவா-15, 18, 19 ஆகிய மூன்றும் 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரஷ்யாவின் மெட்டியோர் செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் படம் அனுப்புகின்றன. ஏறத்தாழ 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு உலோகக் கம்பிகளை 120 பாகை விரித்து வைத்த ஆன்டெனாவும், கணினியில் செருகும் சிறு வானொலி வாங்கியும் போதும். அடுக்குமாடி வீடாயின் மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடந்து போகும்போதுகூட உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் மணி நேரம்தான்.