வாசகர் கேள்வி – பதில்: மாற்றுத்திறனாளிகள் வாக்களிக்க

அப்பாவுக்கு வயது 78. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. 70 சதவீதச் சான்றிதழ் இருக்கிறது. வீட்டிலிருந்தே வாக்களிக்கலாமா?
– வாசகி, கருங்கல்

வாக்களிக்கலாம். வயதைச் சொல்லிக் கேட்டால்தான் 85 ஆகியிருக்க வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு வயது தடையில்லை. ஆனால் வாக்காளர் பட்டியல் தரவில் அவர் மாற்றுத்திறனாளி என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கும், பட்டியலில் குறி இருக்காது. இங்கேதான் பலருக்கும் தட்டிப்போகிறது. தேர்தல் வரட்டும் என்று இருக்காமல், இப்போதே பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) 8ஆம் படிவம் கொடுங்கள்; பட்டியல் விவரத்தைத் திருத்தும் படிவம் அது. தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் செயலியிலும் பதியலாம்.

அடுத்தது 12டி படிவம், அதாவது வீட்டிலிருந்து வாக்களிக்கக் கேட்கும் விண்ணப்பம். சான்றிதழ் நகலோடு, தேர்தல் அறிவிக்கை வெளியானதிலிருந்து 5 நாளுக்குள் தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். டி.வி.யில் தேதி சொல்லும் நாள் வேறு, அறிவிக்கை நாள் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். படிவம் ஏற்கப்பட்டுவிட்டால் அப்பா சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது. வாக்கு வாங்க வீட்டுக்குத் தேர்தல் குழு வரும் நாளை முன்கூட்டியே சொல்வார்கள். அன்று ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி.

வாக்குச் சீட்டு உள்ளுறைக்குள் போக வேண்டும். வாக்காளர் கையெழுத்திடும் 13ஏ உறுதிமொழி அந்த உறைக்கு வெளியே, பெரிய உறைக்குள் இருக்க வேண்டும். உறுதிமொழியையும் சீட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டால், எண்ணும்போது உள்ளுறையைப் பிரிக்காமலேயே வாக்கைத் தள்ளிவிடுவார்கள். உறையை ஒட்டுமுன் பக்கத்தில் நின்று பாருங்கள்.

என் மனைவிக்கு இரு கண்ணும் தெரியாது. யார் துணையும் இல்லாமல் தானே வாக்களிக்க ஆசைப்படுகிறாள். முடியுமா?
– வாசகர், தக்கலை

தாராளமாக முடியும். முடிந்தவரை அப்படியே வாக்களிக்கட்டும் என்பதே எங்கள் விருப்பம். ரகசிய வாக்கு அவருக்கும் உரியதுதானே. பேலட் யூனிட்டில் (பொத்தான் அழுத்தி வாக்களிக்கும் பெட்டி) பொத்தான்களின் வலப்பக்கம் பிரெய்லில் எண் இருக்கும். சாவடியில் தலைமை அலுவலரிடம் பிரெய்ல் மாதிரி வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி, வேட்பாளரின் வரிசை எண்ணைத் தடவிப் படித்துவிட்டு மறைப்புக்குள் போகலாம். பிரெய்ல் தெரியாதென்றால், இறுதி வேட்பாளர் பட்டியல் வந்ததும் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, மேலிருந்து பொத்தான்களை எண்ணி அழுத்தலாம்.

ஒரு யூனிட்டில் நோட்டாவையும் சேர்த்து 16 இடம்தான். அதற்கு மேல் போனால் இரண்டாவது யூனிட் இருக்கும். எது முதலாவது என்று உள்ளே போகுமுன்பே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 2024 ஏப்ரல் 19 அன்று விளவங்கோட்டில் மக்களவைத் தேர்தலோடு சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. அப்படிப்பட்ட நாளில் எந்த இயந்திரம் எந்தத் தேர்தலுக்கு என்பதையும் கேட்க வேண்டும். விவிபேட் சீட்டு 7 விநாடி தெரிவது அவருக்குப் பயன்படாது. நீளமாக 'பீப்' கேட்டால் வாக்கு பதிவாகிவிட்டது. கேட்கவில்லையா, வெளியே வராமல் அங்கிருந்தே குரல் கொடுக்கட்டும். பொத்தான் சரியாக அழுந்தாமல் இருக்கலாம், அல்லது அலுவலர் தன்னிடமுள்ள கன்ட்ரோல் யூனிட்டில் வாக்கை விடுவிக்காமல் இருக்கலாம்.

துணை வேண்டுமென்றாலும் தடையில்லை. துணைக்கு வருபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ரகசியம் காப்பதாக உறுதிமொழி தர வேண்டும். ஒருவர் ஒரே நாளில் இரண்டு பேருக்குத் துணை போக முடியாது. சாவடி அலுவலர்கள் துணையாக இருக்கவும் கூடாது.

எங்கள் சாவடியில் மூன்று படி. சக்கர நாற்காலிக்கு ஒரு பலகையைச் சாய்த்துப் போடுகிறார்கள். போதுமா?
– வாசகர், மேல்புறம்

போதாது. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வேண்டும். படி 15 செ.மீ. என்றால் மூன்றுக்கு 45 செ.மீ.; சாய்தளம் 5 மீட்டர் 40 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். 2 மீட்டர் பலகையில் ஏற்றினால் நாற்காலி பின்பக்கம் கவிழப் பார்க்கும். ஓரங்களில் சக்கரம் வழுவாமல் தடுப்பும் தேவை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பல மேட்டில் இருப்பவை. கோடை மழை பெய்தால் சக்கரத்தில் ஒட்டிய செம்மண் பலகையை வழுக்க வைத்துவிடும். அதனால் சாலையிலிருந்து படி வரைக்கும் உள்ள வழியையும் பாருங்கள். படியின் உயரத்தை டேப்பில் அளந்து, போட்டோவோடு தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். செங்குத்தான சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பி, அமர்ந்திருப்பவர் முகம் மேட்டைப் பார்த்திருக்கும்படி பின்னோக்கி இறக்க வேண்டும்.

தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. அவன் வாக்களிக்கக் கூடாது என்று சாவடியில் இருக்கும் கட்சி முகவர் மறுக்க முடியுமா?
– வாசகி, குளச்சல்

முடியாது. மனநலமற்றவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்திருந்தால் மட்டுமே வாக்குரிமை போகும். பட்டியலில் பெயர் இருந்தால் அவர் வாக்காளர்தான். துணையோடு வாக்களிக்கும் விதி பார்வைக் குறைபாட்டுக்கும் உடல் இயலாமைக்கும் உரியது. அதனால் பொத்தான் வரிசையைத் தாளில் வரைந்து, அழுத்துவதை வீட்டிலேயே பழக்குங்கள்.

இடது கை முழுவதும் இல்லை. மை எங்கே வைப்பார்கள்?
– வாசகர், தோவாளை

வலது கை ஆள்காட்டி விரலில். அந்த விரலும் இல்லையென்றால் அடுத்த விரலில். இரு கையிலும் விரலே இல்லாதவருக்குக் கையின் நுனியில் வைப்பார்கள். மை வைக்க விரல் இல்லை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப விதி இடம் தரவில்லை.