டாக்டர் காலைத் தூக்கிப் பாத்துட்டு ஸ்கேன் வேணாம்னு சொல்லிட்டாரு, நம்பலாமா?

நம்பலாம்ங்க. 14 வருஷமா பிசியோதெரபி பாக்குறேன், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். இடுப்புல இருந்து கால் வரைக்கும் வலி இழுக்குதுன்னு போனதுக்கு, படுக்க வச்சு ஒவ்வொரு காலா தூக்கிப் பாத்து, கால் கட்டை விரலை அமுக்கிப் பாத்துட்டு "ஆறு வாரம் பாப்போம்"னு அனுப்பிட்டாருன்னு எழுதியிருக்கீங்க. ஏனோதானோன்னு பாத்த மாதிரி உங்களுக்குத் தோணுது, ஆனா முறையா பாத்திருக்காரு.

முட்டி மடங்காம குதிகாலைப் பிடிச்சு மெதுவா தூக்கும்போது இடுப்புல இருந்து கால் வரைக்கும் ஓடுற சயாட்டிக் நரம்பு இழுபடும், முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்திட்டிருந்தா சுமாரா 30ல இருந்து 70 டிகிரிக்குள்ள முட்டிக்குக் கீழ வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஓடும். தொடைக்குப் பின்னாடி மட்டும் இறுக்கிப் பிடிச்சா அது பெரும்பாலும் தசை இறுக்கம்தான். நல்ல காலைத் தூக்கும்போது வலிக்கிற கால்ல சுரீர்னுச்சுன்னா மட்டும் நான் உஷாராயிடுவேன், அப்படி வந்தா டிஸ்க்தான்னு கிட்டத்தட்ட உறுதி. கட்டை விரலை மேல தூக்கச் சொல்லி நம்ம விரலால கீழ அமுக்குவோம், தாக்குப்பிடிக்க பலம் இல்லன்னா எல்5ங்கிற கீழ் முதுகு நரம்பு வேர்ல பிரச்சனை, நுனிக்கால்ல எம்பி நிக்க முடியலன்னா அதுக்கு அடுத்த வேரான எஸ்1ல. "நடக்கும்போது செருப்பு தானா கழண்டு போகுது சார்"னு சிலர் வருவாங்க, அதக் கேட்டதும் நான் முதல்ல பிடிச்சுப் பாக்குறது அந்தக் கட்டை விரலைத்தான்.

ஸ்கேன்ல டிஸ்க் பல்ஜ், அதாவது டிஸ்க் புடைச்சிருக்குன்னு வந்துட்டா அதுதான் வலிக்குக் காரணம்னு இல்லங்க. வலியே இல்லாதவங்கள ஸ்கேன் பண்ணின ஆய்வுகளைத் தொகுத்து 2015ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல 20 வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்துச்சு, 80 வயசுல 84 சதவீதம்.

என்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க, 58 வயசு, ஸ்கேன் கவரை மடியில வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ணணுமான்னு ஒரே அழுகை. கீழ் முதுகுல எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவுல பல்ஜ்னு ரிப்போர்ட், எட்டு மாசமா இடுப்பு பெல்ட் போட்டிருக்காங்க. காலைத் தூக்குனா 80 டிகிரி வரைக்கும் சாதாரணமா வருது. சரின்னு ஒரு குதிகாலை இன்னொரு முட்டி மேல வச்சு, நாலு போட்ட மாதிரி, முட்டியை லேசா கீழ அமுக்கினேன், தொடை இடுக்குல பிடிச்சுக்கிட்டு கத்திட்டாங்க. தொடையை உள்பக்கம் திருப்பினா திரும்பவே இல்ல. தொடை எலும்பு சேர்ற இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா நல்லா தேஞ்சிருக்கு, வலி அங்க இருந்துதான், டிஸ்க்ல இருந்து இல்ல. சம்மணம் போட முடியல, கால் நகம் வெட்ட முடியலன்னு அப்புறம்தான் சொன்னாங்க, அதுவரைக்கும் யாருமே அவங்கள கேக்கல. எட்டு மாசம் வீணாப்போச்சேன்னு எனக்கு இன்னைக்கும் மனசு கஷ்டமா இருக்கு.

உங்க டாக்டர் சொன்னபடி ஆறு வாரம் பாருங்க, ஆனா ஒன்னுக்கு வராம அடைச்சாலோ, மலம் ஜலம் கட்டுப்படலன்னாலோ, உக்கார்ற இடம் மரத்துப்போனாலோ, காலோட பலம் குறைஞ்சுக்கிட்டே வந்தாலோ ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.